ஆங்கிலத்தில் ‘ரோமன்’: எங்கெங்கே எதிர்கொண்டீர்கள்?

மெய்ப்புத் திருத்துநர், சென்னை:

ஆங்கில நூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் தொழில். ‘ரோமன்’ என்ற சொல் நாள்தோறும் என் மேசைக்கு வருகிறது. ஆனால் ரோம் நகரத்தை யாரும் நினைப்பதில்லை. சாய்வெழுத்தில் தவறி விழுந்துவிட்ட சொல்லை வட்டமிட்டு, ஓரத்தில் ‘ரோம்’ என்று சுருக்கி எழுதுவோம். நிமிர்ந்த எழுத்தாக மாற்று என்று பொருள். ஓரிரு எழுத்தில் முடிந்துவிடும் இந்தக் குறிப்பின் பின்னால் ஐந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. 1470இல் வெனிஸ் நகரில் நிக்கோலா ஜென்சன் வார்த்த எழுத்துகள்தாம் நிமிர்ந்த வகைக்கு இன்றும் முன்மாதிரி. அதே வெனிஸில் 1501இல் ஆல்டஸ் மனுசியஸ் முழு நூலையே சாய்வெழுத்தில் (இட்டாலிக்) அச்சிட்டார். இரண்டுக்கும் ஊர் ஒன்றே. பெயர் மட்டும் ஒன்றுக்கு ரோமாலும் மற்றொன்றுக்கு இத்தாலியாலும் அமைந்துவிட்டது.

ஆங்கிலப் பதிப்பாளர்கள் பலர் அச்செழுத்தைச் சொல்லும்போது சிறிய ‘ஆர்’ போடச் சொல்வார்கள். அண்மையில் ஒரு வரலாற்று நூலில் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தன. ரோமன் படைக்குப் பெரிய ‘ஆர்’, ரோமன் எண்களுக்குச் சிறிய ‘ஆர்’. இதைக் கண்டு ரசிப்பதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கில நூல்களின் முன்பக்கங்களுக்கு ஏன் ரோமன் எண்கள் என்று பலர் கேட்கிறார்கள். முன்னுரையும் நன்றியுரையும் எப்போதும் கடைசியில்தான் வந்து சேரும். அவற்றுக்குத் தனி எண் வரிசை இருந்தால், ஆசிரியர் கடைசி நேரத்தில் இரண்டு பக்கம் கூட்டினாலும் நூலின் உள்பக்க எண்கள் அசையா; சொல்லடைவைத் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை. கணினி வந்த பிறகும் இந்த ஏற்பாடு பிழைத்திருப்பது அதன் பயனால்தான்.

உங்களுக்கு இந்தச் சொல் எங்கே எதிர்ப்பட்டது? எழுதுங்கள்.

செவிலியர், இங்கிலாந்து:

நான் பிறந்த ஊரில் ‘ஆர்.சி. கோயில்’, ‘ஆர்.சி. பள்ளிக்கூடம்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த ‘ஆர்’ ரோமன் என்பதை யாரும் விரித்துச் சொன்னதில்லை. விரிக்க வேண்டிய தேவையும் இல்லை.

இங்கே ஒரு வயதான அம்மாவைச் சிகிச்சைக்குச் சேர்க்கும்போது சமயம் கேட்டேன். “கத்தோலிக்கம்” என்றார். “ரோமன் கத்தோலிக்கமா?” என்றேன். “வெறும் கத்தோலிக்கம், மகளே” என்று அழுத்திச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய முன்னோர் அயர்லாந்துக்காரர்கள். போப்பாண்டவரின் தலைமையை ஏற்காத ஆங்கிலிக்கன் திருச்சபையினரும் தங்கள் விசுவாச அறிக்கையில் ‘கத்தோலிக்கத் திருச்சபை’ என்றே சொல்கிறார்கள். ஆகவே போப்பாண்டவரைத் தலைவராக ஏற்றவர்களைப் பிரித்துக் காட்ட ‘ரோமன்’ என்று முன்னால் சேர்த்தார்கள். வெளிநாட்டுத் தலைமைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற சந்தேகமும் அந்த அடைமொழியில் நீண்ட காலம் ஒட்டியிருந்தது. அவர்கள் நாடாளுமன்ற உறுப்பினராக வழிவிட்ட 1829ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. இங்கே பல கத்தோலிக்கர் இன்று அதைத் தாங்களே இயல்பாகச் சொல்கிறார்கள். என்றாலும் அந்த அம்மாவின் குரலைக் கேட்ட பிறகு, நோயாளி எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதையே எழுதுகிறேன்.

நாணய ஆர்வலர், கோவை:

எங்கள் கொங்குப் பகுதியில் ரோமன் என்றால் வெள்ளிக்காசு. இங்கே கிடைத்த புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற ரோமப் பேரரசர்களின் காசுகளே மிகுதி. டைபீரியஸ் காசு ஒன்றைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நெடுநேரம் பார்த்தேன். ஒரு பக்கம் முகம். மறுபக்கம் கையில் கிளையுடன் அமர்ந்திருக்கும் பெண். சுற்றிலும் உள்ள எழுத்துகளை, பள்ளியில் படித்த ஆங்கில எழுத்தறிவு மட்டும் கொண்டே கூட்டி வாசிக்க முடிந்தது. எல்லாம் பெரிய எழுத்து; ‘யு’ வர வேண்டிய இடத்தில் ‘வி’. இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் அப்படியே படிக்க முடிவது என்னை உலுக்கிவிட்டது.

சகோதரி சொன்ன செய்திக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அந்தப் பெண் உருவத்தைச் சுற்றி ‘பொன்டிஃப் மாக்ஸிம்’ என்றிருக்கிறது: தலைமைக் குரு என்று பேரரசர் சூடிய பட்டம். பின்னாளில் அதே பட்டம் போப்பாண்டவருக்கு வந்து சேர்ந்தது.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு இருக்கிறது. இனிக் காசாகப் புழங்காமல் பொன்னாக மட்டும் எடைபோடப்படட்டும் என்று வெட்டினார்கள் என்ற விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது.

கடிகாரம் பழுதுபார்ப்பவர், திருச்சி:

ரோமன் எண் முகப்பை அழுக்கெடுக்கும்போதெல்லாம் நான்காம் மணியைப் பார்ப்பேன். பாடப்புத்தகத்தில் ‘ஐ’யும் ‘வி’யும், கடிகாரங்களில் பெரும்பாலும் நான்கு ‘ஐ’. வாடிக்கையாளர் சிலர் அச்சுப்பிழை என்று சண்டைக்கு வருவார்கள். எதிரே எட்டாம் மணி நான்கு எழுத்து அகலத்தில் கனத்து நிற்கிறது. இந்தப் பக்கமும் அதே கனம் இருந்தால்தான் முகப்பு சாய்ந்தாற்போல் தெரியாது என்று விரலால் தொட்டுக் காட்டுவேன். ஒத்துக்கொள்வார்கள்.

லண்டன் பிக் பென் கடிகாரத்திலோ பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது. இங்கிலாந்துச் சகோதரி அந்தப் பக்கம் போனால் நான்காம் மணி தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து இங்கே இடுங்கள். கடையில் ஒட்டிவைக்க வேண்டும்.