"2000-ல் ஒருவர்" கணக்கை யார் எண்ணிப் பார்த்தது?

தஞ்சைக் கதிர்: "வயிற்று சிடி ஸ்கேன் எடுக்கிற 2000 பேரில் ஒருவருக்கு கேன்சர், கம்ப்யூட்டர் மாடல் நிரூபிச்சிடுச்சு"ன்னு மன்னை மைந்தன் நேத்து எழுதினார். அதைப் படிச்சிட்டு எங்க தெரு அத்தை ஸ்கேனே வேண்டாம்னு வயித்து வலியோட உட்கார்ந்திருக்காங்க. கதிரியக்கப் பிரிவில் 14 வருஷமா வேலை பார்க்கறவன் கேக்கறேன், அந்த 2000 எங்கேருந்து வந்துச்சு?

மன்னை மைந்தன்: ஒரு ஸ்கேனுக்கு உடம்பு வாங்கற கதிர்வீச்சு 10 மில்லிசீவர்ட். ஒரு சீவர்ட்டுக்கு, அதாவது 1000 மில்லிசீவர்ட்டுக்கு, கேன்சர் ஆபத்து 5 சதவீதம். பெருக்குங்கண்ணே. எட்டாங்கிளாஸ் கணக்கு.

தஞ்சைக் கதிர்: பெருக்கல் சரி தம்பி. அந்த 5 சதவீதத்துக்கு அடிப்படை, ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைச்சவங்களை 1950 முதல் கவனிச்சு வந்த கணக்கு. 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே கேன்சர் கூடுதலைப் பிரிச்சுப் பார்க்கறதே கஷ்டம். அங்கே பூஜ்யம் வரைக்கும் நேர்கோடு இழுத்திருக்காங்க. கம்ப்யூட்டர் செய்யறது வேற. ஜியான்ட்4-டிஎன்ஏ மாதிரி மென்பொருள், எலக்ட்ரான் தண்ணியில் போற தடத்தை மோதல் மோதலா போட்டு, டிஎன்ஏ எங்கே அறும்னு எண்ணும். கிரேங்கறது திசு வாங்கற கதிர்வீச்சு அளவு, எக்ஸ்ரேயில் 1 கிரே சுமார் 1 சீவர்ட்னு வச்சுக்கலாம். 1 கிரேக்கு செல்லுக்கு சுமார் 40 ஈரிழை முறிவு, அதாவது டிஎன்ஏவோட ரெண்டு இழையும் அறுறது. 10 மில்லிகிரேக்கு அரை முறிவுகூட வராது. முறிவைத்தான் எண்ணுது, கேன்சரை எண்ணலை!

மன்னை மைந்தன்: உடம்பில் ஒரு செல்லா இருக்கு? கோடி கோடியா இருக்கே. 2000-ல் ஒருவர்தான்.

குடந்தை வெற்றிலை: 20 செ.மீ. மழை ஒரே ராத்திரியில் கொட்டினா நாத்து அழுகும். மாசம் பூரா தூறினா வடிஞ்சிடும். கதிர்வீச்சும் அந்த மாதிரியாண்ணே?

தஞ்சைக் கதிர்: அதேதான் தங்கச்சி. கேன்சர் சிகிச்சையில் நாளுக்கு 2 கிரேன்னு பிரிச்சுக் கொடுக்கறது அதுக்குத்தான். இடைவெளியில் நல்ல செல் பழுது பார்த்துக்கும்.

கடைமடைக்காரன்: எங்கே வடியுது? எங்க வாய்க்காலைத் தூர்வாரினதா பில் போட்டாங்க, ஆகாயத்தாமரை அப்படியே கிடக்கு.

மன்னை மைந்தன்: அவ்வளவு தைரியம்னா சட்டைப் பையில் கதிர்வீச்சை அளக்கற டிஎல்டி பேட்ஜ் எதுக்கு?

தஞ்சைக் கதிர்: மூணு மாசத்துக்கொரு தடவை கழட்டி அளக்க அனுப்பறேன். தொழிலாளிக்கு வருஷ சராசரி 20 மில்லிசீவர்ட்னு வரம்பு வைக்க அந்த நேர்கோடு உதவும். சின்ன அளவைப் பல பேரோட பெருக்கி சாவு எண்ணாதீங்கன்னு சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமே 2007-ல் சொல்லியிருக்கு. அத்தையோட ஸ்கேனை நிறுத்த அந்த 2000 கணக்கு ஆதாரமே இல்லை.

மன்னை மைந்தன்: போன வருஷம் விதைநெல் பேச்சிலும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீங்க. மறக்கலை. 2000-ல் ஒருவர்.

தஞ்சைக் கதிர்: விதைநெல்லில் நான் சொன்னதுதான் முளைச்சுது.

கடைமடைக்காரன்: அந்தத் தூர்வாரின பில்லுக்கு யாராவது பதில் சொல்லுங்கய்யா.