நேற்று வரை நன்றாக மேய்ந்த கோழிகள் திடீரெனச் சாகின்றன

கொல்லைக்காரி (கேள்வி):
வணக்கம். வீட்டுக் கொல்லையில் இருபது கோழிகள் வரை வளர்க்கிறேன். நேற்று காலை கூட்டைத் திறந்தால் ஒரு பெட்டை செத்துக் கிடந்தது. முந்தின நாள் பொழுது சாயும் வரை மண்ணைக் கிளறிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. இன்று காலை இன்னொன்று. இப்போது மூன்று கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்தபடி ஓரமாக நிற்கின்றன. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் போலப் போகிறது. சேவலுக்குக் கொண்டை நுனி கறுத்துவிட்டது. சில நாள் முன்பு இரண்டு விடைக்கோழிகள் புதிதாக வந்து சேர்ந்தன, அவை நன்றாகவே இருக்கின்றன. தண்ணீரில் கலக்கும் ஆன்டிபயாட்டிக் கையில் இருக்கிறது. கொடுக்கலாமா? பிள்ளைகள் பேர் வைத்து வளர்த்தவை, பார்க்கவே மனசு பதறுகிறது.

சேவல்கூவல்:
பச்சைக் கழிச்சல் என்றால் வெள்ளைக்கழிச்சல் நோய்தான் அக்கா. உடனே எல்லாக் கோழிக்கும் தடுப்பு மருந்து போட்டுவிடுங்கள்.

பழையகூடு:
அம்மா, தடுப்பு மருந்தும் வேண்டாம், ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். முதலில் பிரித்து வையுங்கள். ஓரமாக நிற்கிற மூன்றையும் சேவலையும் காற்றோட்டமான, நிழலான வேறு இடத்துக்கு மாற்றுங்கள். தீனித் தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் அவற்றுக்குத் தனி. தினமும் நல்ல கோழிகளை முதலில் கவனித்துவிட்டு, கடைசியாக நோய்க் கோழிகளிடம் போங்கள். அங்கே போட்ட செருப்போடு இந்தப் பக்கம் வரவே கூடாது. கிருமி பெரும்பாலும் நம் செருப்பிலும் கையிலும்தான் ஊர்கிறது.

பச்சை எச்சத்தை மட்டும் வைத்து நோயின் பேரைச் சொல்ல முடியாது. தீனி எடுக்காத எந்தக் கோழிக்கும் வெறும் பித்தநீர் இறங்கி எச்சம் பச்சையாகத்தான் போகும். வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். பெரிய கோழிகளைத் திடீரென்று சாய்க்கிற கோழிக் காலராவாகவும் இருக்கலாம். கொண்டை கறுப்பதும் அடுத்தடுத்துச் சாவதும் பறவைக் காய்ச்சலிலும் உண்டு. வெள்ளைக்கழிச்சலையும் பறவைக் காய்ச்சலையும் வெளியே பார்த்துப் பிரித்துச் சொல்வது மருத்துவருக்கே முடியாத காரியம், ஆய்வகத்தில்தான் தெரியும். அதனால் கால்நடை மருத்துவருக்கு இன்றைக்கே போன் செய்து, எத்தனை செத்தன, என்ன அறிகுறி என்று சொல்லிவிடுங்கள். பறவையை நீங்களாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். கொண்டுவரச் சொன்னால் மட்டும், இன்று செத்ததை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, ஐஸ் வைத்துக் கொண்டுபோங்கள். உறைய வைத்துவிட்டால் அறுத்துப் பார்க்கும்போது உள்ளுறுப்புகளில் ஒன்றும் சரியாகத் தெரியாது.

வெள்ளைக்கழிச்சலும் பறவைக் காய்ச்சலும் வைரஸால் வருபவை, ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. காலராவாக இருந்தால் கேட்கும், ஆனால் எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்து நல்ல கோழிக்கு உரியது. வெள்ளைக்கழிச்சலுக்குப் போடுகிற லசோட்டா சொட்டு மருந்து நோய் வருவதற்கு முன்னால் காக்கும், வந்த பிறகு குணப்படுத்தாது. கிருமி ஏற்கெனவே உள்ளே இருக்கிற கோழிக்கு அதைப் போட்டால் இன்னும் தளர்ந்து போகும்.

புதிதாக வந்த இரண்டும் நன்றாக இருக்கின்றன என்பதை வைத்து அவற்றின் மேல் சந்தேகமே இல்லை என்று விட்டுவிட வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் கிருமி புகுந்து அறிகுறி காட்ட 2 முதல் 15 நாள் வரை ஆகலாம். தடுப்பு மருந்து போட்ட கோழி தான் வாடாமலே கிருமியைப் பரப்புவதும் உண்டு.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். கோழிகள் அடைந்து, கூடு அடங்கிய பிறகு டார்ச் இல்லாமல் பக்கத்தில் நின்று காது கொடுங்கள். கர் கர் என்று மூச்சு இழுக்கும் சத்தமோ தும்மலோ பகலில் காதில் விழாது, இரவில் தெளிவாகக் கேட்கும். அப்புறம் ஒவ்வொன்றின் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையையும் தொட்டுப் பாருங்கள். நன்றாக மேய்ந்த கோழிக்கு இரவில் அது புடைத்திருக்கும். வெறுமையாக இருந்தால் நாளை வாடப்போவது அதுவாக இருக்கலாம், இப்போதே பிரித்துவிடலாம். தொட்டு முடித்துக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூக்கையும் வாயையும் துணியாலாவது மூடிக்கொள்வது நல்லது. வெள்ளைக்கழிச்சல் கிருமி மனிதருக்குக் கண் சிவப்பு உண்டாக்கும், பறவைக் காய்ச்சல் அதைவிட ஆபத்து. பிள்ளைகளைக் கொஞ்ச நாள் கூட்டுப் பக்கம் விடாதீர்கள்.

கொல்லைக்காரி:
மருத்துவரிடம் பேசிவிட்டேன், நாளை காலை வந்து பார்க்கிறேன் என்றார். ராத்திரி நீங்கள் சொன்னபடி நின்று கேட்டேன். ஒரு கருப்புப் பெட்டைக்கு மூச்சில் இரைச்சல், தீனிப்பையும் காலி. அதையும் பிரித்துவிட்டேன். முட்டை, செத்த கோழி, குஞ்சுகள் இந்த மூன்றையும் என்ன செய்வது?

பழையகூடு:
காரணம் தெரியும் வரை முட்டையைச் சாப்பிடவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், அடை வைக்கவும் வேண்டாம். மருத்துவர் பார்த்து முடித்த பிறகு செத்தவற்றை நாய் தோண்ட முடியாத ஆழத்தில், மேலே சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். குஞ்சுகள் தனியாக இருந்தால் அப்படியே இருக்கட்டும், அவற்றைக் கவனிக்க வீட்டில் வேறு ஒருவரை விடுங்கள். கூட்டைக் கழுவும்போது எச்சத்தைச் சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்த பிறகே கிருமிநாசினி ஊற்றுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்து வேலை செய்யாது. மருத்துவர் என்ன சொன்னார் என்று நாளை எழுதுங்கள் அம்மா.