பால் கவர் விற்ற காசில் சோறு போட வழி சொல்லுங்கள்

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் 2019இல் மாநகராட்சி ஒரு உணவகம் தொடங்கியது. ஒரு கிலோ பிளாஸ்டிக் குப்பை கொடுத்தால் முழுச் சாப்பாடு, அரைக் கிலோவுக்குக் காலை டிபன். அதைப் படித்த பிறகு, வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பிலும் பால் கவர் சேர்க்கிறோம். வெட்டிய மூலை தனியே விழாமல் கவரோடு தொங்கவேண்டும். கழுவிக் கொடியில் காயவைத்துத் தருகிறார்கள். கழுவாத கவர் ஒன்று போதும், மூட்டையே நாறிவிடும்.

பழைய பேப்பர் கடைக்காரர் பால் கவரை எடுத்துக்கொள்கிறார். உள்ளே அலுமினியப் பூச்சுள்ள சிப்ஸ், பிஸ்கட் உறைகளைத் தொடவே மாட்டேன் என்கிறார். அவற்றை வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா?

அப்புறம், வரும் காசை அரசு மருத்துவமனை வாசலில் சாப்பாடு கொடுப்பவர்களுக்கே தர ஆசை. சிறு தொகைக்கும் ரசீது தரும் குழு தெரிந்தால் சொல்லுங்கள்.