யோகி பி பாட்டு எங்க இருந்து கேக்க ஆரம்பிக்கலாம்?

கேள்வி:
ஆடுகளம் படத்துல வர்ற போர்க்களம் பாட்டு கேட்டதுல இருந்து மலேசிய ராப்பர் யோகி பி குரல் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு, சினிமாவுக்கு வெளிய அவர் என்ன பண்ணிருக்கார், எதுல ஆரம்பிக்கலாம்னு சொல்லுங்க.

பதில் 1:
நேரா வல்லவன் ஆல்பம் போங்க ப்ரோ. 2006ல நட்சத்ரா குழு கூட பண்ணது, அந்த குழுவுல ராப்பர்கள் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ரெண்டு பேரும் இருப்பாங்க. மடை திறந்து மட்டும் ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க, நிழல்கள் படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு அப்படியே ஓடும், அதுக்கு மேல அடித்தொண்டைல இருந்து யோகி பி குரல் இறங்கும்போது புல்லரிக்கும், நான் இன்னைக்கும் ரிப்பீட்ல தான் கேக்குறேன்.

பதில் 2:
அதுக்கும் முன்னாடி போங்க. 90கள்லயே மலேசியால பொயடிக் அம்மோன்னு குழு வச்சு இங்கிலீஷ்ல ராப் பண்ணிட்டு இருந்தவர். இங்க பல பேருக்கு அது தெரியவே தெரியாது, எனக்கு அதான் வருத்தம்.

பதில் 3:
பொல்லாதவன்ல வர்ற எங்கேயும் எப்போதும் ரீமிக்ஸ் விட்டுட்டீங்களே! 2007ல எங்க காலேஜ் பஸ்ல அது ஓடாத நாளே கிடையாது. தமிழ்ல ராப்னா வெறும் வேகம் இல்ல, உச்சரிப்பு சுத்தமா இருக்கணும்னு காட்டுனவர் அவர்தான்.