கலைச்சொல்: பர்கருக்குள் இருக்கும் 'பாட்டி'க்கு மாற்று

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக, வீட்டில் சீஸ் பர்கர் செய்யும் குறிப்பு ஒன்றை எழுதினேன். பன்னுக்கு நடுவே வைக்கும் வட்ட இறைச்சிக்கு ஆங்கிலத்தில் patty என்று பெயர். அதை அப்படியே ஒலிபெயர்த்து 'பாட்டி' என்று போட்டுவிட்டேன். "பாட்டியைத் தணலில் போட்டு நான்கு நிமிடம் கழித்துத் திருப்பவும்" என்று ஒரு சிறுமி உரக்கப் படித்தாள். அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது. வீட்டில் ஆயா என்று கூப்பிடும் பிள்ளைகள்தான். ஆனால் வடை சுட்ட பாட்டியைக் கதையில் படித்திருக்கிறார்களே! 'பேட்டி' என்று மாற்றினாலோ நேர்காணல் ஆகிவிடுகிறது.

போன வாரம் வந்த பரிந்துரைகளுக்கு என் பதில்கள்:

> கோலா உருண்டை இருக்கப் புதுச்சொல் எதற்கு?

கோலாவுக்குப் பொட்டுக்கடலை சேர்த்து அரைத்துப் பிசைகிறோம். இதைப் பிசையவே கூடாது. உப்புப் போட்டுப் பிசைந்தால் இறைச்சியின் புரதம் கரைந்து பிணைந்துகொண்டு, கடித்தால் ரப்பர் மாதிரி இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள கொத்துக்கறியில் 150 கிராம் எடுத்து லேசாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி வைத்து, தணலில் போடும் நேரத்தில்தான் மேலே உப்புத் தூவுகிறோம். குழி இல்லாவிட்டால் ஓரம் சுருங்கி நடுப்பகுதி பந்தாக உப்பிவிடும். எனவே சொல்லில் உருண்டை வேண்டாம், தட்டுவது தெரியவேண்டும்.

> கறிவடை

வடை எண்ணெயில் வேகும். தவிர, இந்த ஊரில் கறி என்றால் முதலில் குழம்புதான் நினைவுக்கு வரும்.

> கொத்தடை

இலக்கணப்படி நல்ல சொல். வாய்விட்டுச் சொன்னால் கொத்தடிமை என்று காதில் விழுகிறது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள். தின்கிற பண்டத்தில் அந்த ஒலி வேண்டாமே.

> பன்னடை

ஐயா, ஒரு துணைக்கால் கூடினால் வசவு!

மொரீசியஸ் அக்கா சொன்ன 'இறைச்சியடை' எனக்குப் பிடித்திருந்தது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது வீட்டில் ஒரு கேள்வி வந்தது: "புரட்டாசியில் என்ன சொல்வீர்கள்?" செப்டம்பர் 24 இங்கே பாரம்பரிய நாள், பொது விடுமுறை, தெருவெல்லாம் பிராய் (தணலில் இறைச்சி சுட்டுக் கூடி உண்ணும் இந்த ஊர் வழக்கம்) புகை. அந்த நாள் எப்போதும் புரட்டாசிக்குள்தான் விழும். விரத வீடுகளிலும் தணல் இருக்கும், கம்பி வலைமேல் சோயாவோ பயறோ வெந்துகொண்டிருக்கும். அதை எப்படி இறைச்சியடை என்பது?

ஆகவே 'அடை' மட்டும் போதும் என்கிறேன். முன்னால் எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்: ஆட்டு அடை, கோழி அடை, சோயா அடை. கேழ்வரகு அடையைத் தட்டுகிற கைதானே இதையும் தட்டுகிறது. அவியலோடு தின்னும் அடையோடு குழம்பும் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். அவியல் இருக்கும் இலையில் யாரும் பன்னைத் தேடப்போவதில்லை. அடைத்தல் என்றால் இறுக்கித் திணிப்பது ஆயிற்றே என்பது இன்னொருவர் கேள்வி. அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. 'அடை தட்டு' என்று வினையோடு சேர்த்தே எழுதினால் சரியாகிவிடும்.

குறிப்பில் வைத்துப் பார்த்தேன்:

"ஆட்டு அடையைத் தணலில் சுடவும். கரண்டியால் அழுத்தினால் சாறெல்லாம் தீயில் போய்விடும். திருப்பிப் போட்டபின் கடைசி நிமிடத்தில் சீஸ் வைத்து மூடவும். அடையின் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கவும்."

எனக்கு இடறவில்லை. சீஸுக்குப் பாலாடைக்கட்டி இருக்கிறதே என்பவர்கள், 'பாலாடைக்கட்டி அடை' என்று வேகமாக மூன்று முறை சொல்லிப் பாருங்கள். சீஸ் சீஸாகவே இருக்கட்டும். பிராயும் அப்படித்தான்.

'வாட்டவும்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். வாட்டுவது மெல்லிய சூட்டில். அடையின் மேல்பக்கம் பழுப்பேற 140 டிகிரியாவது வேண்டும். கத்தரிக்காயைச் சுடுகிறோம், அப்பளத்தைச் சுடுகிறோம், இதையும் சுடலாம். மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலை அச்சடிக்கவேண்டும்.