வாய் நிறையக் கதை, தாளில் இரண்டே வரி: எந்த எழுத்துப் பாடம் வாங்கலாம்?

சாட்ஸ்வொர்த் அம்மா:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, கிரேடு 3. இந்த வருஷம் முதல் வீட்டிலேயே படிக்கிறான். கணக்கு, வாசிப்பு எல்லாம் நன்றாகவே போகிறது. எழுதுவதுதான் இடிக்கிறது.

போன வாரம் ஒரு குரங்கு சமையலறை ஜன்னல் வழியாக வந்து பிரெட் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இவன் அதை அப்பாவிடம் நடித்தே காட்டினான். மதில்மேல் உட்கார்ந்து பாக்கெட்டைப் பல்லால் கிழித்தது, குட்டிக்கு ஓரத்தை மட்டும் பிய்த்துக் கொடுத்தது, பக்கத்து வீட்டு ஆயா துடைப்பத்தோடு ஓடி வந்தது, ஒன்றையும் விடவில்லை. சரி, இதையே எழுது என்று நோட்டைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம்: குரங்கு வந்தது, பிரெட்டை எடுத்தது. கண்ணில் தண்ணீர் வேறு.

ஒருவர் ஐ.இ.டபிள்யூ (இன்ஸ்டிடியூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்) வாங்கு என்கிறார், ஒருவர் பிரேவ் ரைட்டர், இன்னொருவர் ரைட்டிங் வித் ஈஸ். எல்லாம் அமெரிக்கப் பாடம், டாலர் விலை. ரேண்டில் கணக்குப் போட்டால் ஒன்றுதான் கட்டுப்படியாகும். எதை எடுக்கட்டும்?

பீட்டர்மரிட்ஸ்பர்க் டீச்சர்:

தங்கச்சி, பணம் கட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். பல வருஷம் ஆரம்ப வகுப்புகளில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பாடத்திட்டத்தை ஒப்பிடுவதற்கு முன்னால் பையன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். எழுதும்போது ஒரு குழந்தை பல வேலைகளை ஒன்றாகச் செய்கிறது. என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், அதை வாக்கியமாக்கி மனதில் பிடித்து வைக்க வேண்டும், ஸ்பெல்லிங்கைத் தேட வேண்டும், கை அந்த எழுத்தைப் போட வேண்டும். இதில் ஒன்று தடுக்கினாலும் மற்றதெல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

அவனுக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து மூன்று வரியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைக் கவனியுங்கள். பென்சிலை இறுக்கிப் பிடிக்கிறானா, விரல் வெளுக்கிறதா, இரண்டாவது வரியிலேயே கையை உதறுகிறானா? அப்படியென்றால் தடை கையில்தான். எந்த எழுத்துப் பாடமும் அதைச் சரி செய்யாது. கைப் பழக்கத்துக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள், அந்தக் காசை அங்கே போடுங்கள். பார்த்து நன்றாக எழுதுகிறான் என்றால், அடுத்த நாள் அதே அளவு வாக்கியத்தை நீங்கள் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அங்கே தடுமாறினால் ஸ்பெல்லிங்கா, கேட்டதை மனதில் வைத்திருக்க முடியாததா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் மூன்றாவது. குரங்குக் கதையை அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். திருத்தாதீர்கள், அவன் சொன்ன சொல்லையே போடுங்கள். முடித்ததும் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் எழுதிய பக்கத்துக்கும் அவனுடைய இரண்டு வரிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் நீங்கள் வாங்க வேண்டிய பாடம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இவனிடம் விஷயம் நிறைய இருக்கிறது. ஐ.இ.டபிள்யூ முறையில் முதலில் கொடுத்த பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் மூன்று சொல் வரை எடுத்து, அந்தக் குறிப்பை வைத்து மறுபடி எழுத வேண்டும். நல்ல முறைதான், ஆனால் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிக்கும் குழந்தைக்கு அது கைகொடுக்கும். சொந்தக் கதை தொண்டைவரை நிற்கும் பையனுக்கு அடுத்தவர் பத்தி எதற்கு? ரைட்டிங் வித் ஈஸில் பார்த்து எழுதுதல், படித்ததை வாயால் சொல்லுதல், சொல்லக் கேட்டு எழுதுதல் என்று படிப்படியாகப் போகும், தினமும் கொஞ்ச நேரம்தான். பிரேவ் ரைட்டரில் 9, 10 வயதுக்கு ‘பார்ட்னர்ஷிப் ரைட்டிங்’ என்று ஒன்று இருக்கிறது. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து எழுதுவது. என் மனது இவனுக்கு அந்தப் பக்கம்தான் போகிறது.

லெனேசியா அப்பா:

டீச்சர் சொன்னது சரி. என் மகள் நேர் எதிர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் “எதை எழுத?” என்று தாளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஐ.இ.டபிள்யூவின் அந்தக் குறிப்புச் சொல் முறைதான் வழிவிட்டது. யானையைப் பற்றிய பத்தியில் மூன்று மூன்று சொல்லாக எடுத்து வைத்ததும் அவளாகவே பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஒன்று கவனியுங்கள் சகோதரி, அமெரிக்கப் புத்தகத்தில் ஸ்பெல்லிங் அவர்கள் வழக்கம். ‘கலர்’ என்ற சொல்லில் யூ இருக்காது. இங்கே மதிப்பீட்டுக்கு நம் வழக்கம்தான் வேண்டும். பி.டி.எஃப் கிடைத்தால் அதையே வாங்குங்கள், அஞ்சல் செலவு மிச்சம்.

மதிப்பீட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். மாகாணக் கல்வித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு படிப்புக் கட்டத்தின் முடிவில், அதாவது கிரேடு 3, 6, 9 முடிவில், தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பார்க்க வேண்டும். 2024 இல் கையெழுத்தான பெலா என்ற கல்விச் சட்டத் திருத்தத்திலும் இது இருக்கிறது. அளவுகோல் கேப்ஸ் என்ற நம் தேசியப் பாடத்திட்டம், ஆனால் எந்தப் புத்தகத்தை வைத்து அங்கே போய்ச் சேருவது என்பது நம் கையில்.

சாட்ஸ்வொர்த் அம்மா:

அக்கா, மூன்றையும் செய்து பார்த்தேன். பார்த்து எழுதினான், கை வலிக்கவில்லை. சொல்லி எழுதச் சொன்னபோது ஒவ்வொரு பெரிய சொல்லுக்கும் நின்று என் முகத்தைப் பார்த்தான். தப்பாகிவிடும் என்ற பயம். ‘நெய்பர்’ என்று எழுத வராததால் பக்கத்து வீட்டு ஆயாவையே கதையிலிருந்து எடுத்திருக்கிறான்! நான் எழுதினபோது ஒன்றரைப் பக்கம் வந்தது. படித்துக் காட்டியதும், “இது நான் சொன்னதா?” என்று கேட்டு இன்னும் இரண்டு வரி சேர்த்தான்.

பார்ட்னர்ஷிப் ரைட்டிங் பி.டி.எஃப் எடுக்கிறேன். ஸ்பெல்லிங்கைத் தனி நேரத்தில் வைத்துக்கொள்கிறேன், கதை எழுதும்போது அதைத் தொடமாட்டேன். கேப்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பீட்டர்மரிட்ஸ்பர்க் டீச்சர்:

நல்ல முடிவு. அடிப்படைக் கல்வித் துறையின் இணையதளத்தில் கிரேடு 3 ஆங்கில ஹோம் லாங்வேஜ் (ஆங்கிலத்தை முதல் மொழியாகப் படிப்பவர்களுக்கான) ரெயின்போ வொர்க்புக் இலவசமாக இறங்கும், கேப்ஸ் ஆவணமும் அங்கேயே இருக்கிறது. கிரேடு 3 இல் கர்சிவ், அதாவது சேர்த்து எழுதும் எழுத்தும் தொடங்கும், அதைக் கதையோடு சேர்க்காமல் தனியாகப் பழக்குங்கள். அந்த ஒன்றரைப் பக்கத்தில் தேதி போட்டுப் பைலில் வையுங்கள். மதிப்பீட்டாளரிடம் காட்ட அதுவும் வேண்டும்.