மறு: பி.எம்.எஸ். – ‘மின்கல மேலாண்மை அமைப்பு’ பொருந்துமா?

> கேம்பர் வேனில் காரீய அமில பாட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போடுவது பற்றிய கட்டுரைக்கு ‘பி.எம்.எஸ்.’ (Battery Management System, லித்தியம் பாட்டரிக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று) என்பதை ‘மின்கல மேலாண்மை அமைப்பு’ என்றே எழுதிவிடலாமா? மறுப்பு இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புள்ள அக்கா,

எனக்கு மறுப்பு இருக்கிறது. ‘மேலாண்மை’ என்ற சொல்லை நம்பித்தான் சென்ற ஆண்டு என் வேனின் ஆல்டர்னேட்டரை (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியை) கருக்கப் பார்த்தேன்.

எங்கள் டிரான்சிட் வேனில் முன்பு 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். (காரீய அமிலத்தில் ஒரு வகை) பாட்டரி இரண்டு இருந்தன. எஞ்சினைக் கிளப்புவது வேறு. இவை விளக்கு, பிரிட்ஜ், தண்ணீர் பம்பு, ஹீட்டர் விசிறிக்கு. கணக்குப்படி 200 இருந்தாலும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. அடிக்கடி இறக்கினால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு ஆயுள் போய்விடும். ஆகவே கைக்கு வந்தது 100 தான். அதற்கு ஏறத்தாழ 60 கிலோ சுமந்தோம். இப்போது அதே அளவில் இரண்டு லித்தியம் இரும்பு பாஸ்பேட். எடை பாதிக்கும் குறைவு, 160 வரை தயங்காமல் எடுக்கிறோம்.

விற்றவர் சொன்னது இது: “உள்ளேயே பி.எம்.எஸ். இருக்கிறது, எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பழைய ரிலேயை மாற்ற வேண்டாம்.” (ஆல்டர்னேட்டரை நேரே பாட்டரியோடு இணைக்கும் சுவிட்ச் அது.) நானும் ‘மேலாண்மை’ என்றுதான் மனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டேன். மழை நாளொன்றில் வண்டியை நிறுத்தி, சார்ஜ் ஏறட்டும் என்று எஞ்சினை 40 நிமிடம் சும்மா ஓடவிட்டேன். பானட்டைத் திறந்தால் வார்னிஷ் தீயும் வாடை. ஆல்டர்னேட்டர் மேல் கை வைக்க முடியவில்லை.

காரணம் எளிது. காரீய அமில பாட்டரி நிரம்ப நிரம்பத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு உள்தடை மிகக் குறைவு. கொடுத்ததையெல்லாம் ஏறத்தாழக் கடைசி வரை வாங்கிக்கொண்டே இருக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் சுமை முழுச்சுமை. பி.எம்.எஸ். இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் பாட்டரிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது அது சட்டென்று துண்டித்தால் இன்னும் மோசம்: போக இடமில்லாத மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடுகளைப் பலி வாங்கலாம். இப்போது ஆல்டர்னேட்டருக்கும் பாட்டரிக்கும் நடுவில் 30 ஆம்பியருக்கு மேல் விடாத டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று போட்டிருக்கிறேன்.

மேலாளர் என்றால் வரவு செலவைத் திட்டமிடுபவர். பி.எம்.எஸ். எதையும் திட்டமிடுவதில்லை. வாசலில் நின்று, கேடு வந்தால் கதவைச் சாத்துகிறது.

‘மின்கலம்’ என்ற பகுதியும் பார்க்க வேண்டியது. பேச்சில் ‘செல்’, ‘பாட்டரி’ இரண்டுமே ‘மின்கலம்’ என்று ஆகிவிட்டன. இங்கே அந்த வேறுபாடுதான் உயிர். 12 வோல்ட் லித்தியம் பாட்டரிக்குள் 3.2 வோல்ட் கலங்கள் நான்கு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கின்றன. சார்ஜர் காண்பது மொத்தத்தை மட்டும். 14.4 வோல்ட் என்றால் நான்கும் 3.6இல் இருக்கலாம், மூன்று 3.5இல் இருக்க, ஒன்று 3.9க்கு எகிறியும் இருக்கலாம். சார்ஜருக்கு இரண்டும் ஒன்றே. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே பார்த்து, ஒன்று 3.65ஐத் தாண்டினாலும் நிறுத்துவது பி.எம்.எஸ். மட்டுமே. எனவே கலம் என்றால் செல், அடுக்கு என்றால் பாட்டரி என்று முதலில் பிரிப்போம்.

என் முன்மொழிவு: கலக்காவல்.

‘கலக்காப்பு’ என்றும் எண்ணிப் பார்த்தேன். ‘மின்காப்பு’ ஏற்கெனவே இன்சுலேஷனுக்குப் போய்விட்டதால் குழப்பும். ‘கட்டுப்படுத்தி’யை சோலார் பலகையின் கன்ட்ரோலருக்கு விட்டுவிடலாம்.

காவல் என்பது எனக்கு எங்கே உறைத்தது என்று சொல்கிறேன். அக்டோபர் கடைசியில் கனடாவின் அல்கான்குவின் பூங்காவில் தங்கியிருந்தோம். விடியற்காலை வெளியே –6 டிகிரி. பிறகு வெயில் வந்து கூரைப் பலகையில் அடிக்கிறது. கைபேசியில் பார்த்தால் ஏறும் மின்னோட்டம் பூஜ்யம். புதுப் பாட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் பிரிட்ஜ் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. கலங்களின் வெப்பநிலையைப் பார்த்தேன்: –1. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் கலத்தின் கிராஃபைட் மின்முனைக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தக் கேடு திரும்பாது. அதனால் உள்ளே வரும் வழியை மட்டும் அடைத்து, வெளியே போகும் வழியைத் திறந்து வைத்திருந்தது. கட்டிலுக்கு அடியில் பாட்டரிப் பெட்டியின் கதவைத் திறந்து ஹீட்டரை ஓடவிட்டோம். இரண்டு தேநீர் ஆயிற்று. 5 டிகிரியைத் தொட்டதும் எந்தச் சத்தமும் இல்லாமல் பூஜ்யம் 8 ஆம்பியர் ஆனது.

இதை ‘மேலாண்மை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
வாட்டர்லூவிலிருந்து

* * *

தம்பி,

அக்காவுக்கு நீங்கள் எழுதின கடிதம் நானும் வாசிச்சன். கலம், அடுக்கு பிரிப்பு மிகச் சரி. அதை உடனே பட்டியலில் போட வேணும். ‘காவல்’ பற்றி இரண்டு கேள்வி. வேன் என்றதும் காவல் என்றால் சனம் களவைத்தான் நினைக்கும், இல்லையா? மற்றது, பி.எம்.எஸ். கலங்களைச் சமப்படுத்தியும் விடுகுது. காவல்காரன் அதைச் செய்வானா?

வழி அடைக்கிறது, திறக்கிறது என்று நீங்கள் எழுதியதற்கு எங்களிட்டைச் சொல் இருக்கு. நாங்கள் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்த ஆக்கள். குளத்துக் கட்டில் இருக்கிறதைத் துருசு என்போம். மடை என்றால் ஈழம், தமிழ்நாடு இரண்டு கரையிலும் விளங்கும். பற்றரிக்குள்ளையும் இரண்டு மடை இருக்குத்தானே, ஏற ஒன்று, இறங்க ஒன்று?

* * *

ஐயா,

மடை நான் தேடிக் கிடைக்காத சொல். உள்ளே இரண்டு மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) தொகுதிகள் தனித்தனியேதான் இருக்கின்றன. ‘ஏற்றுமடை’, ‘இறக்குமடை’ என்று வைத்தால் அந்தக் காலையில் நடந்ததை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கலக்காவல் ஏற்றுமடையை அடைத்தது, இறக்குமடையைத் திறந்து வைத்தது. சார்ஜ் ‘ஏறுகிறது, இறங்குகிறது’ என்று நாம் அன்றாடம் பேசுவதோடும் ஒட்டுகிறது.

களவுக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். முன்னால் நிற்கும் ‘கல’ அதைப் பிரித்துவிடும். சமப்படுத்துவது பற்றி: முந்தி நிரம்பிய கலத்தின் மிச்சத்தைச் சிறு மின்தடை வழியே சூடாகக் கழித்துவிடுகிறது, அவ்வளவே. கழிக்காவிட்டால் அந்த ஒரு கலத்துக்காக ஏற்றுமடையை முன்கூட்டியே அடைக்க வேண்டி வரும், மற்ற மூன்றும் அரைகுறையாக நின்றுவிடும். மடை பார்ப்பவரும் முந்தி நிரம்பிய பாத்தியின் வரப்பை வெட்டி மிச்சத்தை வடியவிடுவார் அல்லவா? காவலுக்குள்ளேயே அது அடங்கும். அந்தச் செயலுக்குத் தனிப்பெயர் வேண்டுமென்றால் ‘கலச்சமன்’ என்று போடலாம்.

அக்கா, பட்டியலில் கலம், அடுக்கு, கலக்காவல், ஏற்றுமடை, இறக்குமடை ஐந்தையும் சேர்த்துவிடுங்கள். கலக்காவலுக்கு எதிரே ‘ஆல்டர்னேட்டரைக் காக்காது’ என்ற குறிப்பும் வேண்டும்.

வேனை மகளும் ஓட்டுகிறாள். நேற்றிரவு பாட்டரிப் பெட்டியின் மூடியில் ஒரு தாளை ஒட்டிவிட்டேன்: “கலம் 5 டிகிரிக்கு வரும்வரை ஏற்றுமடை திறக்காது. பழுதில்லை. ஹீட்டரைப் போடு.”